பெயர் எழுதாத பன்னிரண்டு

ஏற்காட்டில் ஆரோக்கியதாஸை ஆட்களைவிட மாடுகள்தான் நன்றாக அறியும். ஒண்டிக்கடைக்குச் சற்று மேலே இருந்த அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் அவன் கால்நடை ஆய்வாளன். அந்த உத்தியோகப் பெயரெல்லாம் ஊர்க்காரர்கள் வாயில் நுழையாது. அவர்களுக்கு அவன் சினை ஊசிக்காரர். பசு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் கயிற்றைப் பிடித்து அவனிடம் ஓட்டி வருவார்கள். தூரமென்றால் அவனே மோட்டார் சைக்கிளில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவான். எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் ஜெர்சிக் காளையின் விந்து, ஈர்க்குச்சி கனத்துப் பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் அடைபட்டு, கடுங்குளிரான திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனுக்குள் உறைந்து கிடக்கும். ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்கி, பசுவுக்குச் செலுத்துவான். ஒவ்வொரு ஸ்ட்ராவின் மேலும் காளையின் எண் இருக்கும். கன்று பிறந்தால் அப்பன் யாரென்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம்.

இப்படி ஒரு வேலை பார்க்கிறவனைக் கேலி பண்ணாமல் விட எந்த ஊருக்கு மனசு வரும்? டீக்கடைக் கந்தசாமிக்கு அது தினசரி வேலை. ஆரோக்கியதாஸுக்குக் கல்யாணம் ஆன புதிதில், மலையில் இருக்கிற கன்றுக்குட்டிக்கெல்லாம் அப்பன் பெயர் கேட்டால் இவரைத்தான் கைகாட்ட வேண்டும் என்று சொல்லிக் கடையைச் சிரிக்க வைத்தான். ஆறு மாதம் போனதும், ஊர் மாட்டுக்கெல்லாம் ஊசி போடுகிறவர் வீட்டில் எப்போது விசேஷம் என்று கேட்க ஆரம்பித்தான். ஆரோக்கியதாஸும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டு வருவான். அவன் மனைவி இன்பமேரி மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளிடம் இதையெல்லாம் சொல்ல மாட்டான். சொல்ல வெட்கம். வெட்கம் அவனுக்குக் கொஞ்சம் அதிகம். அதுதான் அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் சவரம் செய்யும்போது கழுத்தின் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. செப்டம்பருக்குள் இரண்டு கட்டியாகி, சாயங்காலமானால் லேசான காய்ச்சலும் வந்தது. சேலத்தில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். இன்பமேரி அழுதாள். பெரிய டாக்டர் அவளைப் பார்த்து, இது புற்றுநோயிலேயே கொஞ்சம் நல்ல ஜாதி, மாதம் ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்றினால் முக்கால்வாசிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்று தைரியம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாத்திரைச் சீட்டு வாங்க அவள் வெளியே போன சமயம் பார்த்து ஆரோக்கியதாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டான். பல வருஷம் இனப்பெருக்கத்தோடு புழங்கியவன். கடும் காய்ச்சல் கண்ட காளையின் விந்து மூன்று மாதத்துக்கு உதவாது என்பது அவனுக்குத் தெரியும். உடம்பில் வேகமாக வளர்வதையெல்லாம் கொல்கிற மருந்து எதை விட்டுவைக்கும்?

"ஏனுங்க டாக்டர், இந்த மருந்துக்கு அப்பறம் குழந்தை பொறக்குமுங்களா?"

பெரிய டாக்டர் பேனாவை மூடினார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பிறக்காது என்றார். முதலில் உயிர் நிற்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். ஆனால் கூடவே உட்கார்ந்திருந்த இளம் டாக்டரம்மா எழுந்து பின்னாலேயே வந்தாள். மருந்து ஏற்ற இன்னும் ஆறு நாள் இருக்கிறது, அதற்குள் போகச் சொல்லி ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். குழந்தையில்லாத தம்பதிகளுக்காக அங்கே புதிதாக விந்தை உறைய வைக்க ஆரம்பித்திருக்கிறார்களாம். "வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவன் கூட்டிக்கொண்டு போகவில்லை. இரத்தப் பரிசோதனை என்று இன்பமேரியிடம் சொல்லிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று தடவை தனியாகவே போய் வந்தான்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்த ஞானசுந்தரம் என்கிற டெக்னீஷியன், வந்திருப்பவன் சினை ஊசிக்காரன் என்று தெரிந்ததும் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல ஆகிவிட்டான். மைக்ராஸ்கோப்பை அவன் பக்கம் திருப்பி, நீங்களே பாருங்கள் என்றான். ஆரோக்கியதாஸ் கண்ணை வைத்தான். ஆயிரக்கணக்கான முறை பார்த்த காட்சிதான். ஆனால் இந்தத் தடவை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவன். தொழில் பழக்கத்தில் வாய் தானாக, "எழுபது பர்சென்ட் ஓட்டமுங்க. பாஸ்" என்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் மறுபடி ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தான்.

மொத்தம் பன்னிரண்டு ஸ்ட்ரா தேறியது. சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தக் கூடத்தில் இருந்ததே ஒரு சின்ன கேன். இரண்டு மாதத்துக்கு மேல் யாருடையதையும் வைத்துக்கொள்ள வசதி இல்லை. ஆரோக்கியதாஸ் யோசிக்கவே இல்லை. என்னிடம் கேன் இருக்கிறது, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வேன் என்றான். ஞானசுந்தரம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்களைவிடப் பத்திரமாக யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒத்துக்கொண்டான். ஸ்ட்ராவின் மேல் எழுதுகிற பேனாவை எடுத்து என்ன பெயர் போடுவது என்று கேட்டான்.

ஏற்காட்டுக் கேனைத் திறக்கிற கை ஆரோக்கியதாஸுடையது மட்டுமில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சேலத்திலிருந்து மாற்று ஆள் வருவார். ஜெர்சிக் காளைக்கும் சிந்திக் காளைக்கும் நடுவில் ஆரோக்கியதாஸ் என்று ஒரு பெயரை அவர் பார்த்தால், அன்று மாலையே அது கந்தசாமி கடைக்கு வந்துவிடும். புற்றுநோயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது என்று அவனுக்குப் பட்டது.

"பேரு வேண்டாமுங்க. எனக்குத் தெரியுமில்ல, போதும்."

இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது எஸ்டேட்டுகளுக்கு எடுத்துப் போகும் மூன்று லிட்டர் கேனைத் துணிப்பையில் வைத்து எடுத்துப்போனான். திரும்பும்போது கோவை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் அதைக் காலிடுக்கில் வைத்து, சேலம் வரைக்கும் கையை எடுக்கவில்லை. எதிரில் இருந்த அம்மாள் அது என்னவென்று கேட்டதற்கு மாட்டு மருந்து என்றான். மருந்தின் குமட்டலில் மூன்று தடவை எழுந்துபோய் வாந்தி எடுத்தான். மூன்று தடவையும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனான். மருந்தகத்துப் பெரிய கேனில் ஸ்ட்ராக்களைப் போட்டு வைக்க ஆறு குவளைகள் உண்டு. ஆறாவது குவளை எப்போதும் காலி. பன்னிரண்டையும் அதில் இறக்கிவிட்டு மூடியை மூடினான்.

பிழைத்து எழுந்தபிறகு இன்பமேரியிடம் சொல்லலாம் என்று நினைத்தான். பிழைக்காவிட்டால் சொல்லியும் என்ன ஆகப் போகிறது? பள்ளியில் லீவு கிடைக்காது என்று சொல்லி அவளை மெட்ராஸுக்கு வரவிடாமல் நிறுத்திவிட்டு மாதாமாதம் தனியாகப் போனான். தலைமுடி போயிற்று. கந்தசாமி கேலியை நிறுத்திவிட்டு டீயில் சர்க்கரை கூடப் போட ஆரம்பித்தான். அது கேலியைவிட மோசமாக இருந்தது. ஆட்கள் அவனைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மாட்டை ஓட்டி வந்தவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். யாருடனும் பேசப் பேச்சில்லாத மத்தியானங்களில் அவன் கேனைத் திறந்து மரக்குச்சியை விட்டு, ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பான். வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால் நனைந்த மட்டம் வரைக்கும் வெள்ளையாகப் பூக்கும். வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டியதை அவன் தினம் பார்த்தான்.

டிசம்பரில் ஐந்து நாள் விடாமல் பெய்த மழையில் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து சேலம் பாதை அடைபட்டது. நைட்ரஜன் வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. குச்சியில் நான்கு விரற்கடைதான் பூத்தது. இன்னும் நான்கு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் தாங்காது. ஆபீசுக்குப் போன் பண்ணிக் கெஞ்சி, மலையின் மறுபக்கப் பாதையில் குப்பனூர் வரைக்கும் ஒரு ஜீப்பில் அனுப்ப வைத்தான். மூன்றாவது மருந்து ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்பமேரி வாசலில் குறுக்கே நின்றாள்.

"இந்த ஒடம்ப வெச்சுட்டு எங்கீங்க போறீங்க? கெட்டா மாட்டு ஊசிதானுங்களே கெடும்?"

"அரசாங்கச் சொத்துங்கறேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்."

"அரசாங்கத்து மாட்டு மேல இருக்கற அக்கறை எம்மேல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்த ஒரு நிமிஷம் சொல்லிவிடலாம் என்று அவனுக்கு வந்தது. பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டான். குப்பனூரில் கேனை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது வழியில் பஸ் நின்றுவிட, மழையில் இரண்டு மைல் தூக்கி நடந்து வந்து மருந்தகத்தில் ஊற்றினான். அப்புறம் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவன், முறை வந்தபோது சாமியாரிடமும் எதையும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டான்.

பிப்ரவரிக் கடைசியில் ஐந்தாவது மருந்துக்குப் போனவனுக்கு இரத்த அணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் நினைவு சரியாக இல்லை. அப்புறமும் அவனை விடவில்லை. ஆறாவதையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று வைத்துக்கொண்டார்கள். இன்பமேரி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவன் ஏற்காடு திரும்பும்போது ஏப்ரல் பதினாறு. கட்டிகள் கரைந்துவிட்டன, மருந்து போதும், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் மருந்தகத்துக்குப் போனான். மாற்று ஆளாக வந்திருந்த பாலசுப்பிரமணியம் எழுந்து நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். தங்கமான மனிதர். தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்து, கருவிகளைக் கொதிக்க வைத்து, பதிவேடுகளுக்குப் புது அட்டை போட்டு வைத்திருந்தார். ஆரோக்கியதாஸ் கேனைத் திறந்து ஆறாவது குவளையின் கைப்பிடியைத் தூக்கினான். காலி. ஐந்தாவதைத் தூக்கினான். நாலாவது, மூன்றாவது. எல்லாவற்றிலும் காளை எண்கள்தான் இருந்தன.

"ஆறாவதுல கொஞ்சம் இருந்துச்சுங்களே?" என்று கேட்டபோது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பாலசுப்பிரமணியம் விவரமாகச் சொன்னார். மார்ச் முப்பத்தொன்றில் இருப்பு சரிபார்க்க வேண்டும் அல்லவா? எண்ணிப் பார்த்தால் பதிவேட்டுக்கு மேல் பன்னிரண்டு அதிகமாக இருந்தது. எதிலும் எண் இல்லை. எண் இல்லாததைப் பசுவுக்குப் போடக்கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பதே ஆரோக்கியதாஸின் கையெழுத்துதான். அதைச் சொல்லி அவர் பாராட்டவும் செய்தார்.

"இருந்தாலும் மனசு கேக்கலீங்க. ஏதாச்சும் முக்கியமானதா இருந்துச்சுன்னான்னு உங்க ஊட்டுக்குப் போயி டீச்சரம்மாவக் கேட்டனுங்க. எனக்கென்னங்க தெரியும், சட்டப்படி எதுவோ அதையே செய்யுங்கன்னாங்க. சுடுதண்ணில போட்டுக் கொட்டிட்டனுங்க. எந்தக் காளைதுங்க அது?"

"தெரியலீங்க" என்றான் ஆரோக்கியதாஸ்.

அவர் சாப்பிடப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டான். சிறிது நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து தன்னுடையது ஒரு துளி தடவிய கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தான். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். எதுவுமே இல்லை. செத்துக் கிடப்பதுகூட ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

இதை இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினான். இத்தனை நாளும் வெட்கத்தால் சொல்லவில்லை. இப்போது சொன்னால் இன்பமேரியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதாக ஆகும். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. செத்துப்போன பிள்ளைக்குக்கூட ஊர் கூடி அழும். இதற்கு அழ அவன் ஒருத்தன்தான். அவனும் தினம் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் மாட்டுக்குக் கன்று உண்டாக்கிவிட்டு வந்தான். முடி முளைத்தது. கந்தசாமி டீயில் சர்க்கரையைக் குறைத்துப் பழையபடி கேலி பண்ண ஆரம்பித்தான்.

ஜூலையில் மெட்ராஸ் டாக்டர் நன்றாக இருக்கிறாய் என்று சொல்லி அனுப்பினார். இன்பமேரி பாயசம் வைத்தாள். அதற்கடுத்த மாதங்களில் அவள் நாளை எண்ணுவது அவனுக்குத் தெரிந்தது. நாள் தப்பாமல் வந்துவிட்டால் அன்றைக்கு அவள் யாருடனும் பேச மாட்டாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை சேலம் போய்த் திரும்பியவள், டாக்டரம்மாவைப் பார்த்தேன் என்றாள். கருக்குழாயில் ஏதாவது அடைப்பு இருக்கலாமாம், சின்ன ஆபரேஷன் மாதிரி பண்ணிப் பார்க்க வேண்டுமாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அரிசி பொறுக்க உட்கார்ந்தாள்.

"எங்கிட்டத்தானுங்க ஏதோ கோளாறு" என்றாள் தலை நிமிராமல்.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. கத்தி படாத உடம்பில் கத்தி படப் போகிறது, அதுவும் அவனுக்காக. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, உன்னிடம் ஒன்றும் கோளாறு இல்லை, கோளாறு மருந்தால் எனக்கு வந்தது என்று ஆரம்பித்தான். பெரிய டாக்டர் சொன்னதைச் சொன்னான். டெக்னீஷியனைச் சொன்னான். ரயிலில் கொண்டு வந்ததைச் சொன்னான். கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நைட்ரஜன் வற்றி எல்லாம் கெட்டுப்போய்விட்டது, யார்மேலும் குற்றமில்லை என்றான்.

முறத்தில் அவள் கை அப்படியே இருந்தது.

"எத்தன இருந்துச்சுங்க?"

"பன்னெண்டு" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்பமேரியின் முகம் இரத்தம் சுண்டி வெளுத்தது. "அந்தப் பாலசுப்பிரமணியம் சார் ஊட்டுக்கு வந்தாருங்க. பேரில்லாம பன்னெண்டு இருக்குதும்மான்னாரு. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டனுங்க. நோட்டுத் திருத்திட்டு இருந்தன்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழக்கூடாது என்பதுபோல மிகவும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்க பேரு எழுத வெக்கமா இருந்துச்சு, சரி. எம்பேர எழுதியிருக்கலாமுங்களே?"

அந்தப் பன்னிரண்டும் அவளுடையதும்தான் என்று ஒரு நாள்கூட அவனுக்குத் தோன்றியதில்லை.